பத்தாவது பெயர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
16-8-1931

அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்புசாமி வணக்கத்துடன் எழுதுவது.

நானும் தனலெட்சுமியும் சுகமாக இருக்கிறோம். அத்தானுக்கு முழங்கால் வலி எப்படி? தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊருக்கெல்லாம் மருந்து போடுகிறவர் தன் காலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவமாட்டார். நீதான் அதட்ட வேண்டும்.

இராஜம்மாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவளைப் பெற்றவள் போனபோது பத்து மாதக் குழந்தையாக உன் மடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ரயிலேறினேன். அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. இப்போது அவளுக்கு எட்டு நடக்கிறது. தனலெட்சுமியைக் கட்டி ஒரு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளையை எப்போது கூட்டிவருவீர்கள் என்று அவளே கேட்கிறாள்.

எங்கள் ரயில்வே குவார்ட்டர்சுக்குப் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலப் பள்ளி இருக்கிறது. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளையை முதல் வகுப்பில் சேர்ப்பதில்லை என்பது விதியாம். வருஷத்துக்கு ஒரு முறை, ஜனவரியில் மட்டும்தான் சேர்க்கிறார்கள். வரும் ஜனவரியை விட்டால் அவளுக்கு ஆங்கிலப் படிப்பு இல்லை. பதினாறு வருஷமாக ரயில்வே ஆபீசில் பார்க்கிறேன் அக்கா. ஆங்கிலம் தெரிந்தவன் மின்விசிறிக்கு அடியில் இருக்கிறான், தெரியாதவன் தண்டவாளத்தில் நிற்கிறான். என் மகள் வெயிலில் நிற்கக் கூடாது.

உன் சம்மதத்தை எழுது.

தம்பி,
தம்புசாமி

*

டெங்கில்
5-9-1931

தம்பி தம்புசாமிக்கும் தனலெட்சுமிக்கும் அக்காள் பவுனம்மாளின் ஆசீர்வாதம். இங்கே எல்லாரும் நலமே. அத்தானின் முழங்கால், வேலை இருந்தால் நடக்கிறது, கோயிலுக்குக் கூப்பிட்டால் வலிக்கிறது.

பெற்றவன் கேட்கும்போது வளர்த்தவள் என்ன சம்மதம் சொல்வது? படிக்கட்டும், நல்லதுதான். ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கிறதே.

இங்கே நிலைமை சரியில்லை. ரப்பர் விலை விழுந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு குடும்பமாவது மூட்டை கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போகிறது. அரசாங்கமே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவைக்கிறது. என் பள்ளியில் சித்திரையில் இருபத்துமூன்று பிள்ளைகள். இன்றைக்குக் காலையில் பெயர் கூப்பிட்டேன், பதினொன்று. போனவர்களின் பெயரையும் வாய் தானாகக் கூப்பிடுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

தொழிலாளர் சட்டம் உனக்கும் தெரிந்திருக்கும். தோட்டத்தில் குடியிருக்கும் பிள்ளைகளில் ஏழு வயதாகி, பதினான்கு ஆகாதவர்கள் பத்துப் பேர் இருந்தால், துரை பள்ளிக்கூடம் வைத்தே ஆக வேண்டும். ஒன்பது என்றால் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சட்டம் இல்லாவிட்டால் கைக்குழந்தைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் இந்த ஆயாக் கொட்டகையின் பாதியைத் தட்டியால் மறைத்து எனக்குக் கொடுத்திருப்பாரா? இப்போது ரப்பரே விற்கவில்லை, எழுத்து எதற்கு என்கிறார். லேபர் ஆபீசிலிருந்து வெள்ளைக்காரர் ஒருவர் வந்து பிள்ளைகளை எண்ணப்போகிறாராம். அதுவரைதான் பள்ளி, அப்புறம் பார்க்கலாம் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லியிருக்கிறார்.

ஏன் பத்து என்று வைத்தார்கள் தம்பி? ஒன்பது பிள்ளைகள் உட்கார்ந்தால் அகரம் ஏறாதா? சட்டம் எழுதியவர் தன் கைவிரலைப் பார்த்து எழுதியிருப்பார் போல. ஆனால் அந்தச் சட்டத்தைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. ஆசிரியை என்று என் பெயரைக் கோலாலம்பூரில் பதிந்து அனுப்பிய தாளைச் சட்டம் போட்டுத் தூணில் மாட்டியிருக்கிறேன். நம் அம்மா பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறாமலே போய்விட்டது.

உன் அக்காள்,
பவுனம்மாள்

*

பிரிக்பீல்ட்ஸ்
11-10-1931

அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எங்கள் ஆபீசிலும் ஆட்குறைப்பு. பக்கத்து மேஜை காலியாகிவிட்டது. அவர் வேலையும் என் தலையில். வேறு குறை இல்லை, உடம்புக்குச் சுகம்.

தீபாவளிக்கு நானே வந்து இராஜம்மாவை அழைத்துக்கொள்கிறேன். இரண்டு மாதம் முன்னதாக வந்தால் சித்தியோடு பழகிவிடுவாள். பூப்போட்ட பாவாடைத் துணி தபாலில் அனுப்பியிருக்கிறேன், அளவு பார்த்துத் தைத்து வை. தனலெட்சுமி அவளுக்கென்று ஒரு கட்டிலே வாங்கிவிட்டாள்.

பிள்ளை என்னைக் கேட்கிறாளா?

தம்புசாமி

*

டெங்கில்
3-11-1931

தம்பிக்கு ஆசீர்வாதம். துணி வந்தது, தைத்தும் ஆயிற்று. சுற்றிச் சுற்றி ஆடி விளிம்பை மிதித்துக் கிழித்தும் ஆயிற்று. நீங்கள் இருவரும் சுகம்தானே?

தீபாவளிக்கு வராதே. பிள்ளைக்கு இருமல். மழை வேறு விடாமல் பெய்கிறது. காஜாங் சாலையில் பஸ் இரண்டு முறை சேற்றில் நின்றுவிட்டதாம். மழை விடட்டும்.

பள்ளியில் இன்னொன்று குறைந்தது. தங்கமணி என்று ஒரு பெண், கணக்கில் கெட்டிக்காரி. விஷக்காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டு போன வருஷத்து ஐப்பசியில் பிறந்தவள், அந்தக் காய்ச்சலில்தான் அப்பனும் போனான். இந்த ஐப்பசியோடு அவளுக்குப் பதினான்கு பிறந்துவிட்டது என்று பெயரை எடுத்துவிட்டேன். மறுநாளே காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பிரட்டில் ஆட்களோடு நின்று பெயர் கொடுத்துவிட்டு, களை எடுக்கும் கும்பலோடு போய்விட்டாள். தாய் சீதாலெட்சுமிக்கு ஒற்றைக் கையில் குடும்பம், அவளையும் குறை சொல்ல முடியாது.

ஆக, இப்போது பத்து. நேற்று லேபர் ஆபீசிலிருந்து புதுப் பாரம் வந்திருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், நிறைந்த வயது என்று மூன்று கட்டம். கிராணி வாசித்துக் காட்டினார், நான் நிரப்பிக் கொடுத்தேன். வெள்ளைக்காரர் எப்போது வருவார் என்று கேட்டால் மழை விட்டதும் என்கிறார். எல்லாருக்கும் இந்த மழைதான் சாக்கு.

அப்பாவைக் கேட்கிறாளா என்று எழுதியிருந்தாய். ரயில் வண்டி பெரிதா, அப்பா பெரியவரா என்று கேட்டாள். நான் ரயில் என்று சொல்லிவிட்டேன்.

பவுனம்மாள்

*

பிரிக்பீல்ட்ஸ்
6-12-1931

அக்காவுக்கு வணக்கம். அத்தானைக் கேட்டதாகச் சொல். இங்கே சுகம்.

பிள்ளைக்கு இருமல் விட்டிருக்கும். மழையும் விட்டுவிட்டது, ஆபீஸ் ஜன்னலில் எனக்குத் தெரிகிறது. டிசம்பர் இருபத்தாறாம் தேதி விடுமுறை, அன்றைக்கு வருகிறேன். அவள் சாமான்களைக் கட்டி வை.

தலைமை ஆசிரியை அம்மாவைப் பார்த்து இடம் சொல்லிவைத்துவிட்டேன். பள்ளி ஜனவரி இரண்டாம் வாரம் திறக்கிறது. உன் கடிதத்தில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், என் பிள்ளையை அனுப்பும் தேதி மட்டும் இல்லை. இந்த முறை அதை எழுது.

தம்புசாமி

*

டெங்கில்
19-12-1931

தம்பிக்கு ஆசீர்வாதம். சுகம், சுகத்துக்குப் பதில் எழுது.

இருபத்தாறாம் தேதி வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து போனது, அப்போது பத்துமலையில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டேன். தைப்பூசம் கழித்து நானே கொண்டுவந்து விடுகிறேன். மொட்டைத் தலையோடு போனால் ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்றா சொல்வார்கள்?

வெள்ளைக்காரர் இன்னும் வரவில்லை.

பவுனம்மாள்

*

பிரிக்பீல்ட்ஸ்
3-1-1932

அக்காவுக்கு.

நலம் விசாரிக்க இன்று எனக்கு மனம் இல்லை. முதலில் நாள் இருக்கிறது என்றாய், பிறகு இருமல் என்றாய், மழை என்றாய், இப்போது முடி. அடுத்து என்ன, சந்திர கிரகணமா? தலைமை ஆசிரியை ஜனவரி முப்பத்தொன்று வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. உனக்கு இதை நான்கு கடிதமாக எழுதிவிட்டேன்.

தனலெட்சுமி அந்தக் கட்டிலில் தினமும் விரிப்பை உதறிப் போடுகிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நீ வளர்த்தாய், அதை நான் மறக்கவில்லை. ஆனால் உனக்குப் பிள்ளை இல்லை என்பதற்காக என் பிள்ளையை நீ வைத்துக்கொள்ள முடியாது.

தம்புசாமி

*

டெங்கில்
17-1-1932

அன்புள்ள அப்பாவுக்கு இராஜம்மா எழுதுவது. நான் சுகம். நீங்கள் சுகமா, சித்தி சுகமா. இது நானே எழுதினது. மாமா பிழை மட்டும் திருத்தினார். அத்தைக்குத் தெரியாது.

உங்கள் கடிதத்தை அத்தை படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் வைத்தார்கள். அப்புறம் அரிசி எடுக்கும்போது எல்லாம் அதை எடுத்து எடுத்து வைக்கிறார்கள். பதில் எழுத உட்கார்ந்தார்கள், எழுதவில்லை.

எங்கள் பள்ளியில் பத்துப் பேர் இருக்கிறோம். ஒன்பது ஆனால் பள்ளியை மூடிவிடுவார்கள். நான்தான் பத்தாவது. அத்தை தினமும் எண்ணும்போது என் தலையில் கை வைத்துப் பத்து என்று முடிப்பார்கள். எனக்குக் குளிர்க்காய்ச்சல் வந்த அன்றைக்குக் கிராணி எண்ண வந்தார். அத்தை என்னைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டுபோய் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். நான் உள்ளேன் அம்மா என்று சொன்னேன். கிராணி போனதும் அத்தை அழுதார்கள்.

தங்கமணி அக்கா இப்போது வருவதில்லை. களை எடுத்துவிட்டுத் திரும்பும்போது தட்டி ஓரம் நின்று பார்த்துவிட்டுப் போவாள். ஒரு நாள் பெருக்கல் கணக்குக்கு வெளியில் நின்றே விடை சொன்னாள். அத்தை திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா, நான் வந்தால் அந்த ஒன்பது பேரும் எங்கே போவார்கள்? எனக்கு ரயில் பார்க்க ஆசை.

இப்படிக்கு,
இராஜம்மா

*

பிரிக்பீல்ட்ஸ்
20-1-1932

அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்புசாமி கைகூப்பி எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நான் நன்றாக இல்லை. எழுதக் கூடாததை எழுதிவிட்டுப் பதினேழு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இராஜம்மா கடிதம் எழுதினாள். அவளைத் திட்டாதே, தபால்தலை ஒட்டிய அத்தானையும் திட்டாதே. அவள்தான் பத்தாவது என்று நீ எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமே. உன் இரண்டாம் கடிதத்திலேயே எண்ணிப் பார்த்திருக்க வேண்டியவன் நான்தான், நாள் முழுக்க எண்களோடு உட்கார்ந்திருப்பவன். நான் என் பிள்ளையின் பெயரை மட்டும் தேடிப் படித்தேன். என்னை மன்னித்துவிடு.

இப்போது ஒன்று சொல்கிறேன், கவனமாகப் படி. நேற்று முன்தினம் பள்ளியில் பாரம் நிரப்பிக் கொடுத்தேன். வயது எட்டு என்று எழுதினேன். தலைமை ஆசிரியை அம்மா தாளைத் திருப்பி நீட்டிவிட்டார். இடம் போயிற்று என்றே நினைத்தேன். பிறகு பிறப்புச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்து, "ஏழுதான் நிறைந்திருக்கிறது. உங்கள் ஆட்கள் எல்லாரும் நடக்கிற வயதைத்தான் எழுதிக்கொண்டு வருகிறீர்கள்" என்றார். பதினாறு வருஷக் கிளார்க் நான், தலையைக் குனிந்துகொண்டு திருத்தினேன்.

வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த ஐப்பசியில் தங்கமணிக்குப் பதினான்கு பிறந்தது என்று எழுதினாயே, அது நடக்கிற பதினான்குதானே? விஷக்காய்ச்சல் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டில். அப்படியானால் அவளுக்குப் பதின்மூன்றுதான் நிறைந்திருக்கிறது. சட்டப்படி அடுத்த ஐப்பசி வரை அவள் உன் பள்ளிப் பிள்ளை. நாமெல்லாம் பேசுகிற கணக்கிலேயே நீயும் எண்ணிவிட்டாய். அவளைக் கூப்பிட்டு உட்காரவை, பத்து சரியாகிவிடும்.

ஒருவேளை அவள் தாய் விடாவிட்டால், இராஜம்மா அங்கேயே இருக்கட்டும். ஒன்பது பிள்ளைகளின் படிப்பை அடைத்துவிட்டு என் மகள் மின்விசிறிக்கு அடியில் உட்கார வேண்டாம். தனலெட்சுமியும் இதையேதான் சொல்கிறாள். இனி உன் முடிவு. வா என்றால் மட்டும் வருகிறேன்.

உன் தம்பி,
தம்புசாமி

*

டெங்கில்
26-1-1932

தம்பிக்கு. சுகம். தங்கமணி இன்று பள்ளிக்கு வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்து பிள்ளையைக் கூட்டிப்போ. முடி இறக்கவில்லை, வேண்டுதல் எதுவும் செய்திருக்கவும் இல்லை.

பவுனம்மாள்

*

டெங்கில்
10-2-1932

தம்பி தம்புசாமிக்கும் தனலெட்சுமிக்கும் குழந்தை இராஜம்மாவுக்கும் பவுனம்மாளின் ஆசீர்வாதம். நீங்கள் மூவரும் சுகம்தானே? பிள்ளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் பால் கொடுத்தால் வாந்தி எடுப்பாள், முதலில் ஒரு பிஸ்கட் கொடுக்கச் சொல். தலைக்கு வியாழக்கிழமை எண்ணெய். இதையெல்லாம் பஸ் கிளம்பும்போது சொல்ல வாய் வரவில்லை. அவளும் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டவில்லை. ரயிலைப் பார்க்கும் அவசரம் அவளுக்கு.

வெள்ளைக்காரர் போன வாரம் வந்தார். ஒரு கையில் தொப்பியும் மறு கையில் என் பாரமுமாக ஒவ்வொரு பிள்ளையாக எண்ணினார். ஒரு பெயரை அடித்து, இன்னொன்றை எழுதிக்கொண்டார். தங்கமணியிடம் வந்து நின்றார். அவள் எழுந்து, பதின்மூன்று நிறைந்திருக்கிறது என்று தானே சொன்னாள். பத்து என்று போட்டுக் கையெழுத்து வைத்தார். துரை முகத்தில் ஈயாடவில்லை. இந்த வருஷத்துக்குப் பள்ளி தப்பியது.

நீ வந்திருந்தபோது மூன்று முறை என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். அத்தான் முன்னாலும் கேட்டாய். நான் போகட்டும் விடு என்றேன். அப்போது சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். படித்துவிட்டுத் தனலெட்சுமிக்கும் காட்டு, மறைக்க வேண்டாம்.

தங்கமணியின் பெயரை எடுத்தது நிஜமாகவே தவறுதான். நடக்கிற வயதைத்தான் எண்ணினேன். ஆனால் நவம்பரில் அந்தப் பாரம் வந்தது, நான் உனக்கு எழுதினேனே. நிறைந்த வயது என்று கிராணி வாசித்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. இராஜம்மாவுக்கு ஏழு என்று என் கையால் திருத்தி எழுதினேன். அந்த நிமிஷமே தங்கமணியும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றாள். அவளுக்குப் பதினான்கு ஆகவில்லை என்று எனக்குத் தெரியும் தம்பி. அவள் பெயரை எழுதாமலேயே பாரத்தை நீட்டிவிட்டேன்.

அவள் வந்தால் பதினொன்று. பதினொன்று ஆனால் உன் பிள்ளையை நிறுத்திவைக்க எனக்குக் காரணம் இல்லை. பள்ளிக்காகத்தான் வைத்திருக்கிறேன் என்று அத்தானிடம் சொன்னேன், சாமியிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம் போலத்தான் இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை என்று நீ எழுதிய வரியைப் படித்தபோது அழுதேன். பொய்யாக இருந்திருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். பாதி உண்மையாக இருந்ததால் பதில் எழுத முடியவில்லை.

அங்கேயே இருக்கட்டும் என்று நீ விட்டுக்கொடுத்து எழுதினாய் பார், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நீ மறுபடி அனுப்பு என்று கேட்டிருந்தால் இன்னும் ஒரு பொய் கண்டுபிடித்திருப்பேன்.

தங்கமணி முதல் நாள் பலப்பத்தைப் பிடித்தாள், பிடி நிற்கவில்லை. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அத்தான் களிம்பு கொடுத்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். சீதாலெட்சுமியிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. கணக்குத் தப்பிவிட்டது என்று சொல்லித்தான் பெண்ணைக் கூட்டிவந்தேன். அவள் எனக்கு நன்றி சொல்லி, கீரைக் கட்டு கொடுத்தனுப்பினாள். அந்தக் கீரையை என்னால் சமைக்க முடியவில்லை. உன்னிடம் எழுதியதால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. இதை மடிக்காமல் வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போகிறேன்.

திரும்பி வந்து எழுதுகிறேன். சொல்லிவிட்டேன். சீதாலெட்சுமி அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு, "எத்தனை மாசம் டீச்சரம்மா?" என்று கேட்டாள். மூன்று என்றேன். "அப்ப அந்த மூணு மாசத்தையும் சேத்துச் சொல்லிக் குடு" என்றாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

வரும் ஐப்பசியில் தங்கமணிக்குப் பதினான்கு நிறைந்துவிடும். தை வரை அவள் என் பள்ளியில் உட்காருவாள். அந்த மூன்று மாதமும் எந்தப் பாரத்திலும் ஏறாது, துரை கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இராஜம்மாவை எழுதச் சொல். பிழை இருந்தால் திருத்தாமல் அனுப்பு.

அக்காள்,
பவுனம்மாள்